கார்டுல ராகத்தைத் தேடாதே, அடுப்பைத் தேடு

வாடா பேராண்டி, உக்காரு. அந்தப் பக்கம் வேணாம், இப்பதான் கோழி உக்காந்துட்டுப் போச்சு. ரேடியோ ஸ்டேஷன்ல காலைக் கர்நாடக சங்கீதத்துக்கு உருப்படி பொறுக்குற உத்தியோகம் கெடச்சதுல இருந்து புள்ள மொகம் சுண்டைக்காய் வத்தலாட்டம் ஆயிடுச்சுன்னு உங்க அப்பத்தா பொலம்பிக்கிட்டுக் கெடக்கா. பையில என்ன, நேயர் கடிதமா? கொட்டு இப்படி. களத்துல நெல்லு தூத்துற மாதிரி தூத்திப் பாத்துருவோம்.

அடேங்கப்பா, 17 கார்டு. ஒண்ணு 50 காசு. காசு குடுத்துக் கார்டு வாங்கி, கண்ணாடியத் தேடி எடுத்து, உக்காந்து உன்னைத் திட்டியிருக்கான்னா அவன் உனக்கு ஒறவுக்காரன்டா. பேசாம குமிழைத் திருகிட்டுப் போறான் பாரு, அவன்தான் அசலான். இதுக்குப் போயி மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?

மொதல்ல பதரைத் தள்ளுவோம். இந்தா, இந்த அஞ்சையும் தனியா வை. அஞ்சு ஊரு, அஞ்சு பேரு, கேக்குறது மட்டும் ஒரே வயலின் வித்வானை. 'ற'வோட வாலைப் பாரு, அஞ்சுலயும் ஒரே மாதிரி நாய்வாலு. வித்வானோட மச்சான் நல்ல உழைப்பாளி, பஸ் ஏறி அஞ்சு தபாலாபீஸ் போயிருக்கான். அவனுக்கு மட்டும் ஒரு பதில் போடு: 'தங்கள் ஐவரின் அன்புக்கும் நன்றி.' புரிஞ்சுக்குவான். அடுத்த தடவை பஸ் செலவாவது மிச்சம்.

இது ரெண்டும் சோடி. ஒண்ணு, தினமும் எம்.எஸ். அம்மா பாட்டுப் போடணும்கிது. இன்னொண்ணு, அதென்ன நாளுக்கு நாள் ஒரே குரல், வேற ஆளே கெடைக்கலையாங்கிது. கதவு எண்ணைப் பாத்தியா? ரெண்டும் ஒரே வீடு. புருஷன் பொண்டாட்டி வழக்கு உன் மேசைக்கு வந்திருக்கு. பஞ்சாயத்துப் பேசப் போயிராதே. தீந்துச்சுன்னா அப்புறம் அந்த வீட்டுல எதைப் பேசிக்குவாங்க?

இப்ப மணியான நெல்லுக்கு வருவோம். இந்தம்மா எழுதுனதைப் படி. காலையில ஆறரைக்கு நீலாம்பரி போட்டியாம். அடுப்புல பாலை வச்சுட்டு நின்னவளுக்குக் கண்ணு சொக்கிப் பால் பொங்கி வழிஞ்சுபோச்சாம். நீ என்ன நெனைச்சே? அந்தம்மாவுக்கு நீலாம்பரி புடிக்கலைன்னுதானே? இல்லடா மண்டு. அவளுக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு, அதான் பால் போச்சு. அது தாலாட்டுப் பாடுற ராகம். கோயில்ல சாமி பள்ளியறைக்குப் போறப்ப நாகஸ்வரத்துல வாசிக்கிறது. விடியக்கருக்கல்ல பூபாளம், பௌளி, அதுக்குப் பின்னால மலயமாருதம், பிலஹரின்னு பொழுது பாத்து ஊதுவாங்க. சீவாளி புடிச்சவங்க தலைமுறை தலைமுறையாக் காத்துக்கிட்டு வந்த கணக்கை, ஒலிநாடா அலமாரியில கைக்குக் கெடச்சதை எடுத்துப் போட்டு நீ ஒரே நாள்ல கலைச்சுப்புட்டே. ஒரு லிட்டர் பாலோட போச்சேன்னு சந்தோஷப்படு.

அதனால சொல்றேன், கார்டைக் கையில எடுத்தா ராகத்தைத் தேடாதே, அடுப்பைத் தேடு. சாயங்காலக் கச்சேரிக்கு வர்றவன் சட்டை மாட்டிக்கிட்டு, தாளம் போடக் கையைச் சும்மா வச்சுக்கிட்டு உக்காருவான். காலையில கேக்குறவனுக்குக் கை சும்மா இல்ல. ஒருத்தி மாவு ஊத்துறா, ஒருத்தன் பால் பீச்சுறான், ஒருத்தன் பல்லு வெளக்குறான். காது மட்டுந்தான் உன்னுது.

சந்தேகமா இருந்தா அடுத்த கார்டு. 'காலை நேரத்தில் தனி ஆவர்த்தனம் தவிர்க்கவும்.' காரணம் எழுதல. நான் சொல்லவா? ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மனுஷன் கண்ணாடி முன்னால நின்னு சவரம் பண்ணியிருக்கான். நீ மிருதங்கத்தை அவுத்து விட்டுட்டே. மோகரா வரைக்கும் தாங்கியிருப்பான். கோர்வைக்குக் கை தானாத் தாளம் போட்டிருக்கும். அதுக்கப்புறம் பஞ்சு. கார்டு ஓரத்துல செவப்பா இருக்கே, அது மசி இல்லடா.

இந்தக் கார்டைக் கண்ணுல ஒத்திக்க. ரிட்டையரான வாத்தியார்னு எழுத்தைப் பாத்தாலே தெரியுது. உன் அறிவிப்பாளரம்மா பௌளியைப் பூபாளம்னு சொல்லிட்டாங்களாம். பூபாளத்துக்கு சாதாரண காந்தாரம், பௌளிக்கு அந்தர காந்தாரம்னு கோடு போட்டு எழுதியிருக்காரு. எனக்கு அந்தப் பேரெல்லாம் வாயில நொழையாது. எங்கப்பா கோயில் மேளத்துக்கு முன்னால தீவட்டி புடிச்சவரு. 'பூபாளம்னா இன்னும் இருட்டு பாக்கி இருக்கு, பௌளின்னா கெழக்கு வெளுத்துருச்சு'ம்பாரு. அவரு தீவட்டியை அணைக்கிறதே அந்தக் கணக்குலதான். வாத்தியார் சொன்னது சரிதான். நாளைக்கு அதே நேரத்துல, 'அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டோம், திருத்துன நேயருக்கு நன்றி'ன்னு சொல்லச் சொல்லு. உன் மேலதிகாரி மொறைப்பாரு. மொறைக்கட்டும். தப்பை ஒத்துக்கிட்ட ரேடியோவை ஊரு நம்பும்.

இது பழைய வழக்கு: 'ஏன் எல்லாம் தெலுங்கா இருக்கு, தமிழ்ப் பாட்டுப் போட மாட்டீங்களா?' 1941ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல தமிழிசை மாநாடு கூட்டிப் பேசுன பேச்சு, இன்னும் கார்டுல ஓடிக்கிட்டு இருக்கு. நான் ரெண்டு பக்கமும் தாளம் போடுறவன். திருவாரூர்ல பொறந்த மூணு பேரு தெலுங்குலயும் சமஸ்கிருதத்துலயும் பாடி வச்சாங்க, காவேரித் தண்ணி குடிச்சுட்டுத்தான் பாடுனாங்க. சீர்காழிப் பக்கத்து மூணு பேரு, முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, அவங்களுக்கு முன்னாலயே தமிழ்ல பாடியிருக்காங்க, அதுக்காக ராகம் ஒண்ணும் எழுந்திரிச்சு ஓடிப்போயிடல. ஆனா நீ தமிழ்ப் பாட்டை எங்க வைக்கிறே? செய்திக்கு முன்னால மூணு நிமிஷம் ஓட்டை விழுந்தா அங்க அடைக்கிறே. அவன் கோவம் தெலுங்கு மேல இல்ல, அந்த ஓட்டை மேல. பந்தியில மொதல்ல உக்கார வச்சா ஏன் கார்டு போடப்போறான்?

'இத்தனை பேருக்கும் தலையாட்டுனா நான் எப்படித் தாத்தா நிகழ்ச்சி நடத்துறது'ன்னு கேக்குறியா? ஆட்டாம நடத்திப் பாத்தவங்க கதையும் இருக்கு. 1940ல ஆர்மோனியத்துக்கு ரேடியோவுல தடை போட்டாங்க. அதுல கமகம் வராது, சுரம் படிக்கட்டாட்டம் தனித்தனியா நிக்கும்னு காரணம். காரணத்துல ஞாயம் இல்லாமலும் இல்ல. முப்பது வருஷம் அந்தப் பெட்டி வாசல்லயே நின்னுச்சு. கோயில் பஜனையிலயும் நாடகக் கொட்டகையிலயும் மட்டும் யாரு தடுத்தா? அங்க அது பாட்டுக்கு ஊதிக்கிட்டுதான் இருந்துச்சு.

அப்புறம் கேஸ்கர்னு ஒரு மந்திரி, 1952ல வந்தாரு. சினிமாப் பாட்டுக் கேட்டா சனங்க கெட்டுப்போயிடுவாங்கன்னு அதைக் கத்தரிச்சுட்டு சாஸ்திரிய சங்கீதத்தை அள்ளி அள்ளி ஊத்துனாரு. சனங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா? சண்டை போடல, கார்டு போடல. குமிழை நாலு விரக்கடை திருப்பி இலங்கை வானொலியில நிறுத்திட்டாங்க. அஞ்சு வருஷம் பொறுத்துப் பாத்துட்டு, 1957 அக்டோபர்ல விவித் பாரதியத் தொறந்தாங்க. ஆனா ஒண்ணு, பாதி நல்லதையும் சொல்லணும். அந்த மனுஷன் காலத்துலதான் தேசிய இசை நிகழ்ச்சி, சங்கீத சம்மேளனம்னு ஆரம்பிச்சு எத்தனையோ வித்வான் வீட்டுல அடுப்பு எரிஞ்சுச்சு. இன்னிக்கு நீ அலமாரியில தேடி எடுக்குற பொக்கிஷத்துல பாதி அந்தக் காலத்து அறுவடை. மருந்து நல்ல மருந்துதான். மூக்கைப் புடிச்சு ஊத்துனதுதான் தப்பு.

அதுக்காகக் கேட்டதையே போட்டுக்கிட்டு இருன்னும் சொல்லல. உங்க ரேடியோ காலையில எழுந்திரிக்கிறப்ப ஒரு மெட்டு வருமே, தம்புராவும் வயலினும்? சிவரஞ்சனி சாயல்னு சொல்லுவாங்க. அதைப் போட்டவரு வால்டர் காஃப்மன்னு ஒரு யூதரு. செக் நாட்டுப் பக்கத்துல இருந்து ஹிட்லர் காலத்துல பம்பாய்க்கு வந்து பொழைச்சவரு. முப்பதுகள்ல அது மொத மொதக் கேட்டப்ப எவனாவது 'எனக்கு இது வேணும்'னு கார்டு போட்டிருப்பானா? இன்னிக்கு அதை நிறுத்திப் பாரு, தபால்காரன் உன் கார்டுக்குன்னு தனி மாட்டுவண்டி கட்டணும். தினம் அதே நேரத்துக்கு வந்தா அசலானும் மாமன் மச்சான் ஆயிடுவான். அதனால தினம் ஒரே ஒரு புது ஆளு, ஒரே ஒரு கேக்காத ராகம். தெரிஞ்ச ரெண்டு பாட்டுக்கு நடுவுல உக்கார வை. கல்யாண வீட்டுல தெரியாத ஆளை மாமனுக்கும் சித்தப்பனுக்கும் நடுவுலதானே உக்கார வைப்போம்?

இப்ப எல்லாக் கார்டையும் கவுத்துப் போடு. ஓரத்துல எடம் பத்தாமப் பொடி எழுத்துல எழுதியிருக்கு பாரு. 'பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.' இதுல? அதேதான். இதுலயும். எண்ணு. ஒம்போது. நாலு நாளா ராகத்தைப் பத்தி மண்டையப் போட்டுக் கொழப்பிக்கிட்டே, அத்தனை பேரும் சொல்ற ஒண்ணை விட்டுட்டே.

எனக்கும் அதே வயித்தெரிச்சல்தான். மாட்டுக்கொட்டாயி தூணுல டிரான்சிஸ்டர் தொங்குது. கொஞ்சம் தெக்காலத் திருப்பி வச்சாத்தான் இரைச்சல் அடங்கும். நேத்து சரணம் முடிஞ்சு வித்வான் பல்லவிக்குத் திரும்புறாரு. மாட்டுக்கும் அது தெரிஞ்சுருக்கு, காலை மாத்தி வச்சு நின்னுச்சு. நான் மடியில கைய வச்சுக்கிட்டு அந்த ஒரு எடத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். சத்தம் மெல்லத் தேயுது, செய்திக்கு நேரமாச்சாம். சோத்தைப் பெசஞ்சு வாய்க்கிட்டக் கொண்டு போறப்ப எலையை எடுத்த மாதிரி. வித்வான் இன்னும் எங்கயோ பாடிக்கிட்டு இருப்பாரு, பாவம், நீ கதவைச் சாத்திப்புட்டே.

கால் மணி நேரத்துல இருபது நிமிஷப் பாட்டை ஏன்டா திணிக்கிறே? அந்தக் காலத்து இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷந்தான் ஓடும். அதுக்குள்ளயே ஒரு மிடறு ஆலாபனை, பாட்டு, நாலு ஆவர்த்தம் சுரம்னு பாடி முடிச்சுட்டு எழுந்திரிச்ச ஜாம்பவானுங்க இருக்காங்க. அதுல நாலை எடுத்துத் தொடச்சு வச்சுக்க. அதுவும் பத்தலையா, மிச்சம் இருக்குற அரை நிமிஷத்துக்கு வெறும் தம்புரா சுருதியை விடு. அது நல்லால்லைன்னு எவனும் கார்டு போட மாட்டான்.

கடைசியா ஒண்ணு. எங்க தெருவுல ஒரு காலத்துல பஞ்சாயத்து ரேடியோவுல ஆரம்பிச்சு வீட்டுக்கு வீடு இதே காலைச் சங்கீதந்தான். ஆத்துல குளிச்சுட்டு ஈர வேட்டியோட கோயில் வரைக்கும் நடந்தா ஒரு சங்கதி தப்பாது. இப்ப என் கொட்டாயில மட்டுந்தான் கேக்குது. உனக்கு 17 கார்டு வந்ததுக்குக் கவலைப்படாதே. பத்தாகுறப்ப கவலைப்படு.

அப்படி ஆக விட மாட்டேன். தபாலாபீஸ்ல இருபது கார்டு வாங்கி வச்சிருக்கேன். நாளையில இருந்து வாரம் ஒண்ணு வரும். கடுமையாத்தான் இருக்கும். பேரு போட மாட்டேன், ஊர் மட்டும். கையெழுத்து உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இரு. 'ற'வோட வாலை மட்டும் கொஞ்சம் மாத்திக்கிறேன்.