சைதாப்பேட்டையில் கடப்போரும் காண்போரும்: ஓர் ஆய்வு

வரலாற்றுப் புகழ் பெற்ற நகரங்களைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று மேல்நாட்டார் எழுதிக் குவித்திருக்கிறார்கள். சைதாப்பேட்டையைச் சுற்றிப் பார்ப்பது பற்றி உருப்படியாக ஒரு வரி கண்ணில் படவில்லை. தமிழாய்வுலகின் இப்பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வெல்லை: வடக்கே பனகல் மாளிகை, தெற்கே அடையாறு, கிழக்கிலும் மேற்கிலும் ஆய்வாளரின் செருப்பு தாங்குமட்டும்.

கருதுகோள் எளியது. சென்னையில் சைதாப்பேட்டையைக் கடக்காதவர் இல்லை, பார்த்தவரும் இல்லை. விமானம் ஏறப் போகிறவர், தாம்பரம் போகிறவர், கிண்டிக்கு வேலைக்குப் போகிறவர் என எல்லாரும் பேருந்திலோ மின்ரயிலிலோ இதைத் தாண்டித்தான் ஆகவேண்டும். 2018-இல் மெட்ரோவும் வந்துவிட்டதால் இப்போது பாதாள வழியாகவும் தாண்டலாம். சைதாப்பேட்டை நிலையம் நிலத்துக்கடியில் இருக்கிறது. அடுத்த சின்னமலை நிலையமோ தூண்மேல் நிற்கிறது. பூமிக்குள்ளிருந்து வானத்துக்கு ஏறும் இந்த அற்புதத்தின்போது பயணிகள் அனைவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஆய்வாளர் பதிவு செய்கிறார்.

இனி ஒப்பீடு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடைபாதை நெடுக ஒரு செங்கோடு போட்டிருக்கிறார்கள். அதன் மேலேயே நடந்தால் ஏறத்தாழ 4 கிலோமீட்டரில் 16 வரலாற்றுச் சின்னங்களைப் பார்த்துவிடலாம். சைதாப்பேட்டை நடைபாதையிலும் சிவப்பு உண்டு. வெற்றிலை போடுவோர் பல்லாண்டுகளாகச் சம்பளமின்றிச் செய்துவரும் பணி. ஆனால் அது கோடாக அமையாமல் சிதறலாக இருப்பதாலும், எல்லாத் திசையையும் ஒருசேரக் காட்டுவதாலும் வெளியூர்க்காரர் திகைத்துப் போகிறார்.

பாஸ்டன்காரர்கள் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது 1773-இல். அதைத்தான் இன்றுவரை டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த ஆண்டில் சைதாப்பேட்டைப் பாலத்துக்கு வயது 47. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், தம் சொந்தப் பணத்தைப் போட்டு 1726-இல் அடையாற்றின் குறுக்கே கட்டியது அது. வெள்ளைக்காரர்கள் மர்மலாங் பாலம் என்றார்கள். அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கே அப்போது இன்னும் 50 ஆண்டு இருந்தது. பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் இந்த உஸ்கான்தான். ஆற்றைக் கடக்கவும் வழி செய்தார், மலை ஏறவும் வழி செய்தார். இடையில் உள்ள கிண்டி நெரிசலுக்கு மட்டும் அவரிடம் யோசனை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

பாலம் கட்டியதற்குச் சாட்சியாக ஒரு கல்வெட்டு உண்டு. பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என்று மூன்று மொழிகளில் செதுக்கியது. சைதாப்பேட்டையில் பேருந்துக்கு நிற்பவர் வாசிக்கக்கூடிய மொழி ஒன்றுகூட அதில் வந்துவிடாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். களப்பணியின்போது நிகழ்ந்த உரையாடல் பின்வருமாறு:

“அண்ணே, இது என்ன கல்லு?”

“எது சார்?”

“இதோ, எழுத்தெல்லாம் செதுக்கியிருக்கே.”

“கட்சிக்காரங்க அடிக்கல்லா இருக்கும் சார். ஆமா, பதினெட்டு ஏ போயிடுச்சா?”

தரவு தெளிவாக இருப்பதால் மேலும் விளக்கம் தேவையில்லை. 1960-களில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிது வந்தது; அதற்குத் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயரைச் சூட்டினார்கள். முப்பிறமொழிக் கல்வெட்டுக்கு அண்டை வீட்டுக்காரராகத் தனித்தமிழ் அடிகள் அமைந்தது எந்த ஊர்ச் சுற்றுலாத் துறையும் திட்டமிட்டுச் செய்ய முடியாத காரியம்.

சென்னை இந்தப் பாலத்தை நிமிர்ந்து பார்த்தது ஒருமுறை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பாலத்தை எட்டிப் பிடிக்க, போக்குவரத்தை நிறுத்தினார்கள். கடக்க முடியாத அன்றுதான் ஊரே அதைக் கண்டது. கரையோரம் வீடிழந்தவர்கள் கண்டது வேறு. அதை இந்த ஆய்வு பகடிக்குள் இழுக்காது.

பிற காட்சிகளைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். காரணீஸ்வரர் கோயிலும் குளமும் காலையில் பார்க்க வேண்டியவை. 1868-இல் இங்கே தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-இல் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்து, பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது; சைதாப்பேட்டையில் இன்று நாற்று நட இடம் தேடுவோர் மாடித் தொட்டியோடு திருப்தியடைய வேண்டும். 1967-இலும் 1971-இலும் மு. கருணாநிதியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. படகுச் சவாரி விரும்புவோர் பெருமழை நாளில் அரங்கநாதன் சுரங்கப்பாதைப் பக்கம் விசாரிக்கலாம்.

எஞ்சியது வடகறி. சைதாப்பேட்டை என்றதும் சாப்பாட்டு ரசிகர் வாயில் ஊறுவது அதுதான். மாரி ஓட்டல் அதற்கு மூலஸ்தானம். கடலைப்பருப்பை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, அரைவேக்காட்டில் பொரித்தெடுத்து, கையால் உதிர்த்து, சோம்பும் பட்டையும் மணக்கும் வெங்காயத் தக்காளி மசாலாவில் கொதிக்கவிட வேண்டும். பருப்பு மசாலாவைக் குடித்து ஊதி நிற்கும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து ஒதுங்கும். கரைந்து கூழாகவும் கூடாது, முழு வடையாக முறைக்கவும் கூடாது. இதன் தோற்றம் குறித்து அறிஞரிடையே இரு கட்சிகள் உண்டு. நேற்று விற்காத மசால்வடையை இன்று காசாக்கப் பிறந்ததே வடகறி என்பது பழவடைக் கட்சி. இதற்கென்றே புதிதாகப் பொரிக்கிறோம் என்பது புதுவடைக் கட்சி; கடைக்காரர் அனைவரும் இரண்டாவதில் உறுப்பினர். ஆய்வாளர் இரு தரப்புச் சான்றுகளையும் உண்டு பார்த்தார். சான்றுகள் மீதமில்லாததால் மறு ஆய்வுக்கு வழியில்லை.

வடகறிக்கு உற்ற துணை இட்லியா, செட் தோசையா என்பதில் ஆய்வுக் குழு இரண்டாகப் பிரிந்தது. நெறியாளரிடம் முறையிட்டோம். அவர் பூரி என்றார்.