பிள்ளைக்காம்பராவுக்குக் கெமரா வருது

தம்பி, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல, வேலைக்குப் போற தாய்மார் பிள்ளையை விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராவைப் பத்தி ஆவணப்படம் எடுக்கப் போறீங்களாமே? லயம் பூரா அதுதான் பேச்சு. ரொம்ப நல்லது. பிள்ளை பாக்க ஆள் இல்லேன்னு வாயால சொன்னப்ப எவனும் கேக்கல. சினிமாவா சொன்னா, ஏசி ரூம்ல உக்காந்து கண்ணைத் தொடைக்கவாவது நாலு பேர் வருவாங்க. கெழவன் நான் சும்மா இருக்க மாட்டேன், சிலதைச் சொல்லி வைக்கிறேன்.

மொதல்ல, தெமோதரைப் பாலத்துல ஆரம்பிக்காதீங்க. ஒன்பது வளைவையும் ட்ரோன்ல சுத்திக் காட்டி, ரயிலைக் கூவ விட்டு, அப்புறம்தான் பிள்ளை மொகத்துக்கு வருவீங்க, எனக்குத் தெரியாதா? 1921லேருந்து அது அங்கேயேதான் நிக்குது. அதுக்குப் பிள்ளையும் இல்ல, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு ஓடுற அவசரமும் இல்ல.

ஆடி ஆவணியிலயும் வராதீங்க. கச்சான் காத்து, நீல வானம், ஊவாத் தேயிலைக்கு ஏலத்துல நல்ல வெலை. படத்துக்கும் நல்ல வெளிச்சம்தான். ஐப்பசி, கார்த்திகையில வந்து பாருங்க. விடியிறதுக்கு முன்னாடி ரொட்டியைச் சுட்டு, பெரியவனைப் பள்ளிக்கு வெரட்டி, சின்னதை ரெட்டுக்குள்ள சுத்தி, வழுக்குற படியில எறங்கி பிள்ளைக்காம்பராவுல போட்டுட்டு, மூச்சு வாங்கப் பெரட்டுக்கு ஓடுற பொம்பளையோட நீங்களும் ஓடணும். பிள்ளை பாக்குற ஆயம்மா வர கொஞ்சம் சுணங்கினா, அன்னிக்கு அந்தப் பொம்பளைக்கு அரைப்பேருதான், பாதி நாள் சம்பளம். 18 கிலோவோ 20 கிலோவோ, தோட்டம் சொல்ற கொழுந்து நெறையலேன்னாலும் அதே கதை. பிள்ளைக்குக் காய்ச்சல்னா, கொழுந்து நிறுக்குற மடுவத்துத் தராசு எரக்கப்படாது.

தொரைகிட்ட அனுமதி கேட்டுட்டு வாங்க. ஒரு கெழமை கழிச்சு வரச் சொல்வாங்க. அதுக்குள்ள சுவருக்குப் பெயிண்ட் அடிச்சிருவாங்க, புதுப்பாய் வந்துரும், ஒடஞ்ச கக்கூஸ் கதவுக்குக் கீல் வந்துரும். யோசிச்சுப் பாத்தா கெமராவே வேணாம் தம்பி. பதுளையிலிருந்து ஹப்புத்தளை வரைக்கும் எல்லாத் தோட்டத்துக்கும் 'படம் எடுக்க வர்றோம்'னு கடுதாசி மட்டும் போட்டுக்கிட்டே இருங்க. பாதிப் பிரச்சினை தீந்துரும்.

மீதிப் பாதிக்குத்தான் பெயிண்ட் ஒட்டாது. அந்தக் காலத்துப் பிள்ளைக்காம்பரா, வீட்டுல ஆணும் பொண்ணும் தோட்டத்துலயே பேர் போட்ட காலத்துக்குக் கட்டினது. இன்னிக்கு ஒருத்தி கார்மெண்ட்ஸுக்கு இருட்டுலயே பஸ் ஏறுறா, இன்னொருத்தி கொழும்புல வீட்டு வேலை, இன்னொருத்தி குவைத்துல அடுத்தவ பிள்ளைக்குச் சோறு ஊட்டுறா. அஞ்சு வயசுக்குள்ள பிள்ளை இருந்தா வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகக் கூடாதுன்னு 2013ல அரசாங்கம் கட்டுப்பாடு போட்டுச்சு. டொலர் தீந்து போன 2022ல அதைத் தளர்த்திருச்சு. பிள்ளை மேல இருந்த அக்கறை எந்தக் காசுல அளந்ததுன்னு நான் கேக்கல, நீங்க கேளுங்க. ஆக, பிள்ளையைப் பாக்குறது யாரு? அப்பாயி. ஆயுசு முழுக்கக் கொழுந்தெடுத்து, சேமலாப நிதியையும் மக கல்யாணம், மகன் கடன்னு கொடுத்து முடிச்சவ. அவளுக்கு மறுபடியும் உத்தியோகம் கெடச்சிருச்சு, சம்பளம் மட்டும் இல்ல. அவளைப் படம் புடிங்க. ஆனா 'தியாகச் சுடர்'னு எழுத்துப் போட்டுறாதீங்க, தடியெடுத்துருவா.

சட்டம் ஒண்ணும் இல்லாமயா இருக்கு? 1939லயே பேறுகாலச் சகாய நன்மைச் சட்டம் வந்திருச்சு. இப்ப அந்தச் சட்டப்படி பால் குடுக்குற தாய்க்கு நாளைக்கு ரெண்டு தரம் நேரம் விடணும். பிள்ளைக்காம்பரா இருந்தா ஒவ்வொரு தரமும் அரை மணி, இல்லேன்னா ஒரு மணி. பிள்ளைக்காம்பரா இல்லாத எடத்துல அந்த முழு மணி நேரத்தைக் கேட்டு வாங்கின பொம்பளை ஒருத்தியைக் கண்டுபிடிச்சிட்டீங்கன்னா, உங்க படத்துக்குக் கதாநாயகி அவதான்.

எங்களுக்குக் கெமரா புதுசுன்னு நெனச்சுக்காதீங்க. 1934லயே தேயிலைப் பிரசாரச் சபைக்காக பேசில் ரைட்னு ஒரு வெள்ளைக்காரர் 'சோங் ஒஃப் சிலோன்' எடுத்தார். பிரஸ்ஸல்ஸ்ல பரிசு வாங்கின படம். அதுல வர்ற வாசகம் ரொபர்ட் நொக்ஸ் 1681ல போட்ட புத்தகத்துலேருந்து எடுத்தது. இந்த மலையில தேயிலை மொளைக்கிறதுக்கு ரெண்டு நூறு வருஷத்துக்குக் கிட்ட முந்தின பேச்சு! அப்புறம் 1973ல கிரனாடா தொலைக்காட்சிக்காரங்க வந்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு நாங்க குடுக்குற வெலை என்னன்னு காட்டினாங்க. வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டத்துல நாங்க கெடந்த கெடையைப் பாத்து இங்கிலாந்துல பெரிய சத்தமாப் போச்சு. எங்க ஆளுகளுக்கு மட்டும் படம் தெரியல. இலங்கைக்கு டீவி வந்ததே 1979லதானே.

அதனாலதான் சொல்றேன், மொத ஆட்டத்தைக் கொழும்பு ஹோட்டல்ல போடாதீங்க. மாரியம்மன் கோயில் முன்னால வெள்ளைத் துணியைக் கட்டி, லயத்துச் சனத்துக்குப் போடுங்க. 'இது பொய், அந்தக் கதவு ஒரு நாளும் தொறந்ததில்ல'ன்னு எவளாவது கத்துவா. அதையும் பதிஞ்சு படத்துல சேத்துருங்க. 1984ல இந்தியாவுல, அகமதாபாத்துல சேவாங்கிற பெண் தொழிலாளர் சங்கத்துப் பொம்பளைக கெமரா புடிக்கப் பழகினாங்க. அதுல எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் உண்டு. தங்களோட கதையைத் தாங்களே எடுத்து அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினாங்க. அதே சங்கம் பிள்ளை பாக்குற நிலையமும் நடத்துது. உங்க கெமராவை ஒரு நாள் ஆயம்மா கையில குடுத்துப் பாருங்களேன். அவ எடுக்குற படத்துல பெரியவங்க தலை தெரியாட்டியும் பரவால்ல, பிள்ளைக ஒசரத்துல இருக்குற சங்கதியெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

அடுத்ததா கம்பெனிக்காரங்களுக்கும், பிள்ளைக்காம்பராவைக் கவனிக்கிற ட்ரஸ்ட்காரங்களுக்கும் போடுங்க. மாகாண சபைக்கும் போடலாம். ஊவாவுல 2014ல சபைத் தேர்தல் நடந்துச்சு. அந்தச் சபையோட காலம் முடிஞ்சப்புறம் உறுப்பினர் இல்லாத கதிரைகதான் மிச்சம், அதுக பொறுமையாப் பாக்கும்.

அப்புறம் முக்கியமான ஒண்ணு. கெமராவுக்கு ஒருத்தர், சத்தத்துக்கு ஒருத்தர், லைட்டுக்கு ஒருத்தர், சும்மா போன் பேச ஒருத்தர்னு கூட்டமா வருவீங்க. பிள்ளை பாக்க ஆளில்லேன்னு சொல்லப்போற பொம்பளையைத் தேயிலைக்குள்ள நிறுத்தி, 'இன்னொரு தரம் சொல்லுங்க அக்கா'ன்னு வெயில் ஏறுற வரைக்கும் பேச வைப்பீங்க. அவ அன்னிக்கு எழக்குற பேருக்குக் காசு யார் குடுக்குறது? அதை விடுங்க, அந்த நேரம் அவ பிள்ளையை யார் பாக்குறது? லைட் புடிக்கிற பையனுக்குத் தொட்டில் ஆட்டத் தெரியுமான்னு இப்பவே கேட்டு வைங்க.