குறிகட்டுவானில் ஒரு தோல் டொக்டர்

ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறினால் லேசர் அன்ரியும் வந்து இறங்கிவிடுவார். ரொறன்ரோவிலிருந்து வந்தாலென்ன, பாரிஸிலிருந்து வந்தாலென்ன, ஆள் ஒன்றுதான். அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கைப்பையில் மூன்று வகைச் சண்கிறீம். குறிகட்டுவான் துறையில் போட்டுக்கு வரிசை நிற்கும்போதே கிளினிக் தொடங்கிவிடும்.

முன்னால் நிற்பவரின் நாடியை இரண்டு விரலால் பிடிப்பார். முகத்தை வெளிச்சப் பக்கம் திருப்புவார். தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு கன்னத்தைப் பார்ப்பார், மறு கன்னத்தையும் பார்ப்பார். பிறகு ஓர் இலக்கம் விழும்.

"நீர் ஐஞ்சு."

"என்ன அன்ரி ஐஞ்சு?"

"தோல் பிள்ளை. உம்மட தோல் ஐஞ்சாம் ரைப். சீ-ஓ-ரூ வைக்கக் கூடாது, கறுத்துப்போடும். ஏர்பியம் லேசர் வைக்கலாம்."

பிள்ளை கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைக்க வந்தவள். லேசர் வைக்கும் யோசனை அவளுக்குக் கனவிலும் இருந்ததில்லை.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குக் கால்மணி, இருபது நிமிட ஓட்டந்தான். அதற்குள் போட்டின் கீழ்த்தட்டில் ஒரு வாங்கு முழுவதையும் அன்ரி முடித்துவிடுவார். டீசல் மணம், செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி, யன்னலால் அடிக்கும் உப்புத் தண்ணி எதுவும் அவரைத் தடுக்காது. கைக்குழந்தைக்காரி நாலு. அவளுடைய மாமி ஐஞ்சு. பூக்கூடையோடு இருந்த ரீச்சர் "நாலுக்கும் ஐஞ்சுக்கும் நடுவில". ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் நாடியையும் பிடித்தார்.

"அண்ணை, நீங்கள் ஆறு."

"எனக்கு எழுபத்தாறு, பிள்ளை."

"வயசு ஒரு பிரச்சினையில்லை அண்ணை, அங்க எண்பது வயசுக்காரரும் செய்யினம்."

நாகதீப விகாரைக்குப் போகும் சிங்களப் பெண்களிடம் மொழி ஓடாது. அங்கே விரலைக் காட்டுவார். அவர்கள் நாலு ரூபாவா, நாலு நிமிடமா என்று விழிப்பார்கள். நெடுந்தீவுக்குப் போன அன்று, பெருக்கு மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு இலக்கம் ஏதும் சொல்லாமல் திரும்பியது ஊருக்குப் பெரிய ஆறுதல்.

இந்த இலக்கம் அன்ரியின் கற்பனை அல்ல. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் இருந்த தோமஸ் ஃபிற்ஸ்பற்றிக் என்ற தோல் மருத்துவர் 1975இல் வகுத்தது. ஒளிச் சிகிச்சைக்கு எவ்வளவு அளவு கொடுக்கலாம் என்பதுதான் அவருடைய பிரச்சினை. தலைமயிரின் நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் பார்த்து அளவு தீர்மானித்தபோது சிலருக்கு அது மிஞ்சிவிட்டது. எனவே அவர் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினார். கோடை தொடக்கத்தில் நடுப்பகல் வெயிலில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் நின்றால் உங்கள் தோல் சிவந்து எரியுமா, கறுக்குமா? பதிலை வைத்துத்தான் இலக்கம். முதலில் அது வெள்ளைத் தோலுக்கு மட்டுமாகவே இருந்தது. எங்களுடைய ஐந்தும் ஆறும் பிறகு சேர்ந்தவை. குறிகட்டுவானில் போட்டுக்குக் காத்திருக்கும் சனத்துக்கு இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது. அன்ரி இன்றுவரை ஒருவரிடமும் அதைக் கேட்டதில்லை.

"வெள்ளைக்காரன்ர மூளையைப் பாருங்கோ" என்பது அன்ரி அடிக்கடி சொல்வது. அவர் சொல்லும் சீ-ஓ-ரூவை, அதாவது காபனீரொட்சைட்டு லேசரை, 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல். மராட்டியத்துப் பாராமதியில் பிறந்தவர். அன்ரியின் கணக்கில் அவரும் ஐஞ்சுக்குக் கிட்ட வரக்கூடும். தோலில் உள்ள தண்ணீர் இந்தக் கதிரை உறிஞ்சி ஆவியாகும். மேல்தோல் படலமாகக் கழன்று, கீழே சூடு பிடித்து, புதுத் தோல் வளரும். முழு முகத்தையும் உரிக்காமல் புள்ளி புள்ளியாகத் துளைத்து, நடுவில் நல்ல தோலை விட்டுவைக்கும் முறை 2004இல் வந்தது. அதில் புண் விரைவாக ஆறும். எங்கள் நிறத்தோலுக்கு அதிலும் பயம் தீரவில்லை. காயம் ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கலாம். அன்ரி "கறுத்துப்போடும்" என்றது முழுப் பொய் இல்லை.

உண்மையான தோல் டொக்டரிடம் போனால் முதல் வேலை முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொல்வார்கள். பவுடரும் கிறீமும் போகவேணும். முன்னாலும் இரு பக்கத்தாலும் படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு கேள்விதான். பருவுக்கு ஐசோட்ரெடினொயின் குளிசை எடுத்தீர்களா, எப்போது நிறுத்தினீர்கள்? முன்பெல்லாம் நிறுத்தி ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள், இப்போது சில வகை லேசருக்கு அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். உதட்டோரத்தில் கொப்புளம் வந்துபோவதுண்டா? உண்டென்றால் லேசருக்கு முன்னமே வைரசுக்கு மருந்து. காயம் பட்ட இடம் தடித்து வளருமா? பிள்ளை வயிற்றில் உண்டா? வெயிலில் என்ன வேலை? கடைசிக் கேள்விக்குக் கடற்றொழில் என்றோ தோட்டம் என்றோ பதில் வந்தால் நல்ல டொக்டர் பேனாவை வைத்துவிடுவார். எல்லாம் சரிவந்தாலும் காதோரத்தில் சின்னதாய் ஓர் இடத்தில் சுட்டுப் பார்த்து, சில கிழமை பொறுத்துத்தான் மிச்சம். கன்னத்தில் மங்கு இருந்தால் அநேகமாக வேண்டாம் என்பார், லேசரின் சூட்டில் மங்கு கூடுவதும் உண்டு என்பதால். அன்ரியோ தேர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னம் கொழும்பில் செய்துகொண்டு வரச் சொல்கிறார். புதுத் தோலோடு ஆனி வெயிலில் வீதிவலம்!

சிரிப்புக்கு இடமில்லாத இடம் ஒன்று உண்டு. தீவுப் பெட்டைகள் பலரின் முகத்தைக் கெடுத்துவைத்திருப்பது கடையில் லேபிள் இல்லாமல் விற்கும் வெளுப்புக் கிறீம். சிலதில் ஸ்ரீறோயிட், சிலதில் பாதரசம். பாதரசம் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றது மினமாட்டா உடன்படிக்கை. 2023இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, அழகுசாதனத்தில் அறவே கூடாது என்றார்கள். இலங்கையும் கையெழுத்திட்ட நாடுதான். கிறீமோ தாராளமாகக் கிடைக்கிறது. "என்ன பூசுறனீர்?" என்று அன்ரி ஒருமுறை கேட்டிருந்தால் அரைவாசிப் பேருக்கு லேசர் கதையே தேவைப்பட்டிராது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் சொன்னால் பெட்டைகள் கேட்பார்கள். அந்த மரியாதையை இலக்கம் சொல்லியே செலவழித்துவிடுகிறார்.

அன்ரி இன்னும் லேசர் செய்யவில்லை என்பது பலருக்குத் தெரியாது. கடவுச்சீட்டுப் பையில் நாலாய் மடித்த தாள் ஒன்று வைத்திருக்கிறார், வெளிநாட்டுக் கிளினிக் ஒன்று கொடுத்த செலவு மதிப்பீடு. மடிப்பு கிழியும் நிலையில் இருக்கிறது. அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானத்துக்கு இருந்தபோது, வேர்வையில் பவுடர் கரைந்து, இரண்டு கன்னத்திலும் மங்கு தெரிந்தது. பக்கத்தில் இருந்த கிழவி கண்டுவிட்டு, லேசர் வைக்கேல்லையோ என்று கேட்டார். "அங்கத்தை டொக்டர் மறிச்சுப்போட்டார் அம்மா" என்று சொல்லிவிட்டு அன்ரி இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டார். அன்று பின்னேரம் அந்தக் கிழவியின் கன்னத்தில் தன் கையாலேயே சண்கிறீம் பூசிவிட்டார். இலக்கம் சொல்லவில்லை.

முதலில் ஐஞ்சு வாங்கிய பிள்ளை நெடுந்தீவுக்காரி. அன்ரி கிளப்பிவிட்ட பயத்தில் அவள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்கே போய் வந்தாள். ஒரு மணி நேரம் போட், பிறகு பஸ், பிறகு வரிசை, முழுநாள் சரி. டொக்டர் கேள்விமேல் கேள்வி கேட்டு, அவள் பூசும் கிறீமைக் கொண்டுவரச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வா என்றார். லேசரைப் பற்றிப் பேச்சே இல்லை.

திரும்பி வந்தவளைத் துறையில் அன்ரி பிடித்துக்கொண்டார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்டும் தெரியாத டொக்டர் பிள்ளை. தெரிஞ்சவனெண்டா ஏன் இவ்வளவு கேக்கிறான்?"