சரோஜினி நகர்ப் பெட்டிநூல்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் நிலமும் காலமும் காரணமும் சொல்ல வேண்டும்.

நிலம், தில்லியின் ரிங் ரோட்டை ஒட்டிய சரோஜினி நகர். பழம்பெயர் வினய் நகர். வெளியூர்க்காரர்களுக்கு அது எக்ஸ்போர்ட் மிச்சத் துணிகளைப் பேரம் பேசி வாங்கும் சந்தை. தில்லித் தமிழர்களுக்கோ அது மத்திய சர்க்கார் குவார்ட்டர்ஸும் பிள்ளையார் கோயிலும். காலம், ஏழு அரசுக் காலனிகளை இடித்துக் கட்ட 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததற்குப் பிந்திய ஆண்டுகள். காரணம் யாதோவெனின், வீட்டைக் காலி செய்பவர் பரணையும் காலி செய்தாக வேண்டும். பித்தளை அண்டா இறங்கும், கொலுப்படி இறங்கும், கடைசியில் பழைய புடவை போர்த்திய கம்ப்யூட்டர் ஒன்று இறங்கும். அண்டாவின் கதி குறித்து யாருக்கும் ஐயமில்லை. கம்ப்யூட்டரைக் கபாடிவாலாவிடம் எடைக்குப் போடுவதா, லினக்ஸ் ஏற்றி ஓட்டுவதா என்ற ஐயத்தில் பிறந்தது இந்நூல்.

நுவலப்படும் பொருள், லினக்ஸ் கர்னலின் மூலநிரலை இறக்கி, கையிலுள்ள பெட்டிக்கு ஏற்றவாறு அமைத்துக் கம்பைல் செய்யும் முறை. அற்றேல், டெபியனும் உபுண்டுவும் தரும் ஆயத்தக் கர்னல் போதாதோ எனின், சில பெட்டிகளுக்குத் தாராளமாகப் போதும். சிலவற்றில் அது எழவே எழாது. எது எந்த வகை என்று பிரித்தறியாமல் கம்பைல் செய்யக் கிளம்பியவர்களே இத்துறையில் பெரும்பான்மையர்.

பெட்டியியல்

மத்திய சர்க்கார் தன் ஊழியர்களின் வீடுகளை டைப் 1, டைப் 2 என்று தகுதிப்படி வகுத்து வைத்திருக்கிறது. ஆறாவது சம்பளக் கமிஷன் கணக்கில் கிரேடு பே 1800 ஆனால் டைப் 1, 4200 ஆனால் டைப் 3. பெட்டிகளையும் அவ்வாறே வகுப்பது இந்நிலத்து மரபு நோக்கி என்க.

டைப் 1 ஆவன பென்டியம், பென்டியம் எம்எம்எக்ஸ், ஏஎம்டி கே6 முதலியன. ஐ586 இனம். இவற்றுக்கு ‘சிமூவ்’ என்னும் கட்டளை தெரியாது. அது தெரியாத ஒரே குற்றத்துக்காக டெபியன் 2017-ல் வந்த தன் 9ஆம் பதிப்பில் இவற்றைக் கைவிட்டது. கர்னல் அமைப்பில் பிராசசர் குடும்பம் கேட்கும் இடத்தில் 586 என்றோ கே6 என்றோ குறித்துக் கம்பைல் செய்தால் கர்னல் எழும். எழுந்தபின் என்ன? அதன்மேல் ஓட வேண்டிய நிரல்கள் யாவும் 686-க்குக் கம்பைல் ஆனவை. அவை ஒவ்வொன்றாக விழும். எனவே கர்னல் மட்டுமன்று, முழு ஊரையே மறுபடி கட்ட வேண்டும். இவ்வகை ஆராய்ச்சியாளர்க்கே உரித்து.

டைப் 1-க்கும் முற்பட்ட 386-ஐப் பற்றி ஒரு சொல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸ் எழுதத் தொடங்கியதே ஒரு 386 பெட்டியில்தான். அந்த 386-க்கான ஆதரவு 2013 பிப்ரவரியில் வந்த 3.8-ஆம் கர்னலில் நீக்கப்பட்டது. தமக்கு அதில் உருக்கம் ஏதுமில்லை என்று அவரே எழுதியும் வைத்தார். பிறந்து வளர்ந்த குவார்ட்டர்ஸ் இடிபடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

டைப் 2, பென்டியம் 2, பென்டியம் 3, அக்காலத்துச் செலரான். டைப் 3, பென்டியம் 4. இவ்விரண்டுமே பரண்களில் மிகுதி. டெபியன் 12 வரை இவை ஆயத்தக் கர்னலிலேயே ஓடின. 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு 32 பிட் பெட்டிகளுக்குக் கர்னலும் தருவதில்லை, இன்ஸ்டாலரும் தருவதில்லை. ஆகவே இங்கேதான் நூலுக்கு வேலை.

டைப் 3-ல் உட்பிரிவு உண்டு. பிற்காலப் பென்டியம் 4 சில 64 பிட். வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. ‘பிராக்’ அடைவில் உள்ள ‘சிபியுஇன்ஃபோ’ கோப்பைத் திறந்து ‘ஃபிளாக்ஸ்’ வரியில் ‘எல்எம்’ என்னும் ஈரெழுத்து உளதா என நோக்குக. இருப்பின் அப்பெட்டி டைப் 4-க்குத் தகுதி பெற்று, 32 பிட் துன்பங்களிலிருந்து விடுபடும். பிரமோஷன் ஆர்டர் கைக்கு வந்தும் உறையைப் பிரிக்காமல் டைப் 3-லேயே காலம் கழித்த பெட்டிகள் உள.

பென்டியம் எம் என்னும் மடிக்கணினி இனம் ஒன்று தனி. அதன் ஆரம்பகாலச் சிப்களுக்கு ‘பிஏஇ’ என்னும் மெமரி வித்தை உள்ளூரத் தெரியும். கேட்டால் தெரியாது என்று சொல்லும். அதை நம்பி, பிஏஇ கேட்கும் ஆயத்தக் கர்னல் ஏற மறுக்கும். ‘ஃபோர்ஸ்பிஏஇ’ என்று பூட் வரியில் அதட்டினால் ஏறிவிடும். இதற்காகக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

இனி மெமரி. 1 ஜிபி போட்ட டைப் 3 பெட்டியில் சொந்தக் கர்னல் ஏற்றியவர் பலர், 896 எம்பிதான் காட்டுகிறது, மீதி 128 எம்பியைக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நேரு பிளேஸுக்குச் சண்டைக்குக் கிளம்புவர். கடைக்காரன் குற்றமற்றவன். 32 பிட் கர்னல் தன் 4 ஜிபி முகவரி வெளியில் 3-ஐப் பயனருக்குக் கொடுத்து 1-ஐத் தான் வைத்துக்கொள்கிறது. அந்த ஒன்றிலும் 128 எம்பியைத் தன் இதர வரவுசெலவுக்கு ஒதுக்கிவிடுகிறது. எஞ்சிய 896-க்குத்தான் நேரடி வழி. இதற்குப் பரிகாரம் இரண்டு. கர்னல் அமைப்பில் ‘ஹைமெம்’ என்னும் விடையை இயக்கலாம். மீதியும் கிடைக்கும், ஆனால் அந்த மேல்மெமரியைத் தொடும்போதெல்லாம் கர்னல் சுற்றிப் போக வேண்டும். அல்லது ஹைமெம்மை அணைத்துவிட்டு, ‘முழு 1 ஜிபி கீழ்மெமரி’ என்னும் பிரிவைத் தேர்ந்தால், பயனர் பங்கு 2.75 ஜிபியாகச் சுருங்கி மொத்த 1 ஜிபியும் நேர்வழியில் கிடைக்கும். 1 ஜிபி பெட்டிக்கு இரண்டாவதே சிறப்பு. ஆயத்தக் கர்னல் தராத நன்மையைச் சொந்தக் கர்னல் தரும் அரிய இடங்களுள் இது ஒன்று. இதை அறியாமல் இரவெல்லாம் கம்பைல் செய்து பயனில்லை.

டைப் 4, கோர் 2 டூவோவும் அதன் சுற்றமும். ஆயத்தக் கர்னலே போதும். இதற்குச் சொந்தக் கர்னல் செய்வது வீண் ஆடம்பரம்.

டைப் 5, உண்மையான ஒர்க்ஸ்டேஷன். ஆபீஸில் கண்டெம் செய்து, ஏலத்தில் போய், பழைய சாமான் கடை வழியாக வீடு வந்து சேர்வது. இரண்டு ஜியான் சிப், இசிசி மெமரி, ஸ்கஸி டிஸ்க், ஒரு ஆள் தூக்க முடியாத எடை, ஜெட் எஞ்சின் போல் விசிறி. இதற்கு ‘எஸ்எம்பி’ விடை இல்லையேல் இரண்டாம் சிப் சும்மா அறையைச் சூடாக்கும். தில்லி ஜனவரியில் அதுவும் ஒரு பயன்தான் என்பாரும் உளர். ‘இடாக்’ என்னும் விடையையும் கொடுக்க வேண்டும்: இசிசி மெமரி சத்தமில்லாமல் திருத்திய பிழைகளை அதுதான் கணக்கெழுதிக் காட்டும். பழைய மெமரி சாகப் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல முன்னறிவிப்பு வேறில்லை. ஸ்கஸி அட்டை அடாப்டெக்கா எல்எஸ்ஐயா என்று பெட்டியைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டே அமைக்க உட்காருக. அடாப்டெக் டிரைவர் பஸ்ஸை ரீசெட் செய்துவிட்டு எத்தனை மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும் என்பதையும் கர்னல் கேட்கும். இயல்பு விடை 5000. டிஸ்க் கிழடானால் குறைக்க வேண்டாம்.

இதற்கும் மேலே டைப் 7 பங்களா போன்ற ஐட்டேனியம் ஒர்க்ஸ்டேஷன்கள். அவற்றுக்கான ஆதரவு 2024 ஜனவரியில் வந்த 6.7-ல் போய்விட்டது. 6.6-ஓடு நிற்க வேண்டும். சரோஜினி நகரில் எவர் வீட்டுப் பரணும் அதைத் தாங்கியிராது என்பதால் விரிக்கவில்லை.

விடையியல்

‘மேக் மெனுகான்ஃபிக்’ என்று தட்டினால் நீலத்திரை வரும். உள்ளே பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட கேள்விகள். பெரும்பாலானவற்றுக்கு விடை மூன்றே: ஒய், எம், என். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரிடம் ‘போடு’, ‘கூப்பிட்டா வா’, ‘வேண்டாம்’ என்பதே இம்மூன்றும். ஒய் என்றால் கர்னலுக்குள்ளேயே அமரும். எம் என்றால் தனி மாட்யூலாக டிஸ்கில் காத்திருந்து தேவைப்படும்போது வரும். என் என்றால் அந்தப் பக்கமே வராது.

முதல் விதி: ரூட் டிஸ்கின் டிரைவருக்கும் அதன் ஃபைல் சிஸ்டத்துக்கும் ஒய் தருக. எம் தருவதாயின் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் பூட் நேரத் தற்காலிக ஃபைல் சிஸ்டம் கட்டாயம். டிஸ்கைப் படிக்கும் டிரைவரை அதே டிஸ்கில் வைத்துவிட்டால் அதை எடுக்க வழியில்லை. ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று கர்னல் பேனிக் அடித்து நிற்கும்.

விடையளிப்போர் மூவகையர். எல்லாவற்றுக்கும் ஒய் சொல்லும் தாராளர். கர்னல் பருத்து மெமரியைத் தின்னும். புரியாதவற்றுக்கெல்லாம் என் சொல்லும் சிக்கனர். கீபோர்டு போர்ட்டுக்கும் என் சொல்லிவிட்டு, டிவிஎஸ் கோல்டு கீபோர்டை ஓங்கித் தட்டிக்கொண்டிருப்பர். மூன்றாமவர் ‘லோகல்மாட்கான்ஃபிக்’ என்னும் குறுக்குவழியர். அக்கட்டளை, இந்த நொடியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும். பதினைந்தாயிரம் கேள்வி சில நொடிகளில் முடியும். அழகான வழி, ஆனால் அந்த நொடியில் செருகாதிருந்த பொருளுக்கு அந்த வீட்டில் இனி இடமில்லை.

ரிடையரான செக்ஷன் ஆபீஸர் ஒருவரின் டைப் 3 பெட்டிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் இவ்வழியில் கர்னல் செய்து கொடுத்தான். மறுநாள் அவர் பேரன் படங்கள் உள்ள பென் டிரைவைச் செருகினார். “ஏண்டா, லைட் எரியறது, உள்ளே ஒண்ணும் தெரியலையே?” “மாமா, நேத்து அதைச் செருகியிருந்தேளா?” செருகவில்லை. யுஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூல் கழிந்துபோயிருந்தது. அதைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தான். டிரைவ் தெரிந்தது, திறக்கவில்லை. அதன் ஃபைல் சிஸ்டமான விஃபாட் இல்லை. அதையும் சேர்த்தான். இப்போது கோட்பேஜ் 437 இல்லை என்றது. எனவே இவ்வழியர் கட்டளை இடுமுன் வீட்டிலுள்ள பென் டிரைவ், பிரிண்டர், வெப்கேமரா யாவற்றையும் செருகிவிட்டு இடுக. கம்பைலையும் பழம்பெட்டியிலேயே செய்யற்க. புதுப்பெட்டியில் 32 பிட்டுக்கென்று செய்து எடுத்து வருக.

மெல்ட்டவுன் என்னும் சிப் ஓட்டைக்கான காப்புகளை அணைத்தால் வேகம் கூடும் என்பர். கூடும். 2018-ல் வெளியான அவ்வோட்டை பென்டியம் புரோ வழிவந்த இன்டெல் சிப்களையும் தொடுவது. பாங்க் பாஸ்வேர்டு தட்டும் பெட்டியில் அணைப்பது தகாது.

ஒழிபியல்

எந்த விடையாலும் தீராதவை. 1999 முதல் சில ஆண்டுகள் வந்த போர்டுகள் பலவற்றில் கெபாசிட்டர் உப்பிப் போயிருக்கும். தானே ரீஸ்டார்ட் ஆகும் பெட்டியில் முதலில் அதைப் பார்க்க. நாணய பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும். போனால் எந்த வலைத்தளமும் சான்றிதழ் செல்லாது என்று கதவடைக்கும். பேட்டரி மாற்றாமல் கர்னலை மாற்றுவார் உளர்.

பெரிதாவது பிரவுசர். பென்டியம் 3-க்கு எஸ்எஸ்இ2 என்னும் கட்டளைத் தொகுதி இல்லை. குரோம் 2014 முதலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017 முதலும் அதைக் கட்டாயமாக்கின. 32 பிட் லினக்ஸுக்குக் குரோம் 2016-லேயே நின்றது. கர்னலை இளைக்க வைத்து மிச்சம் பிடிப்பது சில எம்பி. ஒரே ஒரு டேப் அதைப்போலப் பல மடங்கை ஒரு மூச்சில் விழுங்கும். ஏற்றாத மாட்யூல் டிஸ்கில்தான் இடம் பிடிக்கும், மெமரியில் அல்ல. ஆகவே கழித்தலால் வரும் வேகம் பெரும்பாலும் கழித்தவர் மனத்தில் உள்ளது.

தீர்ப்பு: டைப் 1-ஐ ஆசைக்கு வைத்துக்கொள்க. டைப் 2, 3-க்குச் சொந்தக் கர்னல் செய்க, கணக்கெழுதவும் பாட்டுக் கேட்கவும் கடிதம் தட்டவும் ஆகும். டைப் 4-க்கு மெமரி வாங்கிப் போடுக, கர்னலைத் தொடாதீர்கள். டைப் 5 வைத்திருப்பவர் கரண்ட் பில்லைப் பார்த்துத் தாமே முடிவு செய்வார். எவ்வகையாயினும், புதுக் கர்னல் எழுந்துவிட்டதென்ற மகிழ்ச்சியில் பழைய கர்னலை அழித்துவிடாதீர்கள். கிரப் மெனுவில் அது இரண்டாவது வரியாக இருக்கட்டும். ‘டாட் கான்ஃபிக்’ கோப்பின் நகல் ஒன்றை வேறு பெட்டியிலும் எடுத்து வையுங்கள்.