சக்கரம் வைத்த சொந்த வீடு

இங்கிலாந்துக்காரர்களின் விடுமுறை ஞானத்தை மெச்சத்தான் வேண்டும். வீட்டை மறக்க, காருக்குப் பின்னால் கேரவனைக் கட்டிக்கொண்டு கார்ன்வால் கடற்கரைக்குப் போகிறார்கள். போன இடத்தில் வீட்டிலிருப்பதெல்லாம் இல்லாவிட்டால் மறப்பது எப்படி? ஆகவே வசந்தம் பிறந்ததும் மேம்பாட்டுப் பணி தொடங்கிவிடுகிறது.

முதலில் ஓர் அலமாரி. அது காலியாக இருக்கலாமா? பீங்கான் தட்டுகள். தட்டு வந்தபின் மைக்ரோவேவ் இல்லாமலா? அப்புறம் மரத்தரை, பெரிய டிவி, கழிவறைச் சுவருக்கு டைல்ஸ். முகாமில் கிடைக்கும் மின்சாரம் பெரும்பாலும் 16 ஆம்பியர்தான். கெட்டிலையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் டிரிப் ஆகிவிடும். இருட்டில் வெந்நீருக்குக் காத்திருப்பதும் இயற்கையோடு இணைவதுதானே!

எடைதான் சின்ன இடைஞ்சல். பல கேரவன்களில் ஏற்ற அனுமதிப்பதே 150 கிலோ அளவுக்குத்தான். துணிமணி, கேஸ் சிலிண்டர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் நன்மையையும் பாருங்கள்: கேரவன் இழுக்கும் கார் மோட்டார்வேயில் மணிக்கு 60 மைலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். மேம்பட்ட கேரவன் 40-ஐயே தொடாது. அபராத பயமே கிடையாது.

எடைமேடையில் எண் எகிறியதும் ஒரு குடும்பத் தலைவர் தீர்க்கமாக முடிவெடுத்தார். டைல்ஸைத் தொடவில்லை, டிவியைத் தொடவில்லை. கட்டில்களைக் கழற்றி எறிந்தார். இப்போது கேரவன் சட்டப்படி கச்சிதம். அதைக் கடலோரம் நிறுத்திவிட்டு, எதிரிலுள்ள ஹோட்டலில் குடும்பத்தோடு படுத்துக்கொள்கிறார். ஹோட்டல்காரருக்கு ஒரு விண்ணப்பம்: டிரில் மெஷினை மட்டும் அறைக்குள் கொண்டுபோக விடாதீர்கள்.