வண்டி பேசியாச்சு

பேத்திக்குத் திருப்பதியில் மொட்டை என்று முடிவானதும் நாள், நட்சத்திரம், புளியோதரை எல்லாவற்றையும் மனைவி தன் இலாகாவில் சேர்த்துக்கொண்டாள். வேன் பேசுவது மட்டும் என் பொறுப்பு. எனக்கான மொட்டை அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

மைத்துனன் ஒரு வழி சொன்னான். "ஃபிரெண்டோட ஓன் போர்டு வேன் இருக்கு மாமா. டீசல் போட்டு, கையில ஏதாவது குடுத்தா போதும்."

வெள்ளை நம்பர் பிளேட் என்றதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த ரிட்டையர்டு குமாஸ்தா எழுந்து உட்கார்ந்தார். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். கூலி வாங்கி ஆளேற்ற பர்மிட் வேண்டும் என்கிறது 66ஆம் பிரிவு. இல்லாவிட்டால் 192ஏ: 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்ஷூரன்ஸும் கையை விரித்துவிடும்.

"ஆறு மாசமா?" என்றாள் மனைவி. குரலில் கவலையைக் காணோம். ஏதோ கணக்குப் போடுகிற தொனி.

சரி, டி போர்டுதான் என்று அடையாறு டிப்போ பக்கம் ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். மஞ்சள் பிளேட், பன்னிரண்டு சீட்டர். டிரைவர் நீங்கலாக ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை ஏறினால் சட்டத்தில் அதற்குப் பெயர் மேக்ஸி கேப். ஆந்திராவுக்குள் போவதால் அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் கேட்டேன். எஃப்.சி. கேட்டேன், எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம், அப்புறம் வருஷா வருஷம் எடுக்க வேண்டும் என்று டிராவல்ஸ் முதலாளிக்கே விளக்கினேன். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "சார் ஆர்.டி.ஓ. ஆபீஸா?" என்றார். திருவான்மியூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நான் லைசென்ஸ் புதுப்பிக்க வரிசையில் நின்றதோடு சரி. அதைச் சொல்லவில்லை. டீ வந்தது. வாடகை மட்டும் குறையவில்லை.

இந்த வண்டி ஒப்பந்த ஊர்தி. மொத்த வண்டிக்கும் ஒரே தொகை. ஒப்பந்தத்தில் இல்லாதவரை வழியில் ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம் வாங்கி, நிறுத்தி நிறுத்திப் போனால் அது ஸ்டேஜ் கேரேஜ், அதாவது பஸ். 1997இல் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்த மினி பஸ் அந்த ஜாதி. சட்டம் எழுதியவர்களுக்கு என் சொந்தக்காரர்களைத் தெரியாது.

மத்திய கைலாஷில் அத்தை ஏறினாள். கிண்டியில் சித்தப்பா ஏறி, "என் பங்கு" என்று ஐந்நூறு ரூபாயை என் பையில் திணித்தார். வடபழனியில் ஏறிய ஒருவரை யாருக்குமே தெரியவில்லை. சித்தப்பாவின் பக்கத்து வீடாம், "செங்குன்றத்துல இறங்கிக்கறேன்" என்றார். எழுந்து நின்று, பணம் வாங்கி, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொன்ன நான் 29ஆம் பிரிவின்படி கண்டக்டர் லைசென்ஸ் இல்லாத கண்டக்டர்.

கோயம்பேட்டில் சம்பந்தி வீட்டார் கூடையோடு நின்றார்கள். டிரைவர் கண்ணாடியில் தலைகளை எண்ணினார். "சார், பார்டர்ல பார்ப்பாங்க."

நான் உற்சாகமாக 194ஏ-வை எடுத்துரைத்தேன். கூடுதலாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம். பெரிய விஷயம் அதுவல்ல. கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யும் வரை இந்த வண்டி நகரக் கூடாது. வேனில் அமைதி. சம்பந்தியை இறக்க முடியாது, அத்தைக்கு முழங்கால், தாய்மாமன் மடியில்தான் மொட்டை. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாதவரத்துல திருப்பதி பஸ் நிறைய இருக்குங்க," என்றாள் மனைவி, கனிவாக.

பெரியபாளையம் தாண்டும்போது போன் வந்தது. "என்னங்க, டிரைவர் பேட்டா கேக்கறார். ஜி.பே. பண்ணிடுங்க."