பிடித்தம்

தமிழ்நாட்டில் மருத்துவக் காப்பீட்டுக் கட்டாயம் அரசு வேலையோடு சேர்ந்தே வருகிறது. 2021 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில், அரியலூர் கலெக்டர் அலுவலக எழுத்தரின் சம்பளத்திலும் மாதம் 300 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டது. விருப்பமா என்று கேட்கும் படிவம் ஏதும் இருக்கவில்லை. பெரம்பலூரில் சின்ன வெங்காயம் போடுபவருக்கோ பூரண சுதந்திரம்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வாங்கலாம், வாங்காமலே இருக்கலாம், வருமானச் சான்றுக்கு அலையவும் செய்யலாம். அமெரிக்காவில் குடிமக்கள் மீது விதித்த மருத்துவக் காப்பீட்டுக் கட்டாயம் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று வழக்காகி, 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வரி வேடம் போட்டுப் பிழைத்தது. காப்பீடு எடுக்காதவருக்கு அந்நாட்டு மத்திய அரசு விதித்த அபராதம் 2019 முதல் பூஜ்யம். இந்திய உச்ச நீதிமன்றமோ, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவிலிருந்தே சிகிச்சை உரிமையை எடுத்துக் கொடுத்துவிட்டது. மருத்துவமனையில் கட்டில் காலியா என்பது வேறு விசாரணை. வெங்காய விவசாயியின் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் எந்தச் சுதந்திரமும் கிடையாது: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்குக் காப்பீடு கட்டாயம்.